எண்ணெய் செல்லும் பாதை

நம் பள்ளித் தோட்டத்தில் சாணமும் தென்னை மட்டையும் அள்ளிக்கொண்டு, விடுதிச் சுவருக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவே போய்வரும் சிறிய டிராக்டரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிறிய வகுப்புக் குழந்தைகள் அதற்கு "யானைக்குட்டி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிப் பக்கெட்டைத் தூக்கிக் கவிழ்க்கும்போது பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கைகளின் ஓரமாகச் சாரைப்பாம்பு போல வளைந்து செல்லும் கறுப்பு ஹோஸ்களை யாரும் கவனித்திருக்கமாட்டீர்கள். நாங்களும் கவனித்ததில்லை, சென்ற ஆண்டு ஜூலை மாதம் அவற்றில் ஒன்று வெடிக்கும் வரை.

வெடித்தது என்றால் பட்டாசு போல அன்று. 'டப்' என்று ஒரே ஒரு சத்தம். உயரத்தில் இருந்த பக்கெட் சாணத்தோடு தொங்கிப் போயிற்று. தொழுவத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு எண்ணெய் தெறித்திருந்தது. டிரைவர் அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம் தெறிக்காதது இறைவன் செயல். நகரத்துப் பட்டறையிலிருந்து வந்தவர்கள், "இது ஒற்றை வயர் ஹோஸ், அதுதான் தாங்கவில்லை" என்று சொல்லி இரட்டை வயர் ஹோஸ் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். ஆறே வாரங்களில் அதுவும் போயிற்று. அதே இடத்தில்! கணக்குப் பார்க்கும் சிஸ்டரின் முகம் அன்று எப்படி இருந்தது என்பதை எழுத வேண்டியதில்லை.

அப்போதுதான் எங்கள் அறிவியல் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். "ஒரே இடத்தில் இரண்டு தடவை அறுந்தால் குற்றம் ஹோஸின் மேலா, அது போகும் வழியின் மேலா?" எங்களில் நால்வரைக் கூப்பிட்டு, டிரைவர் அண்ணனோடு சேர்ந்து பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பெண்பிள்ளைகளுக்கு டிராக்டர் எதற்கு என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். அந்தச் சாணம் போட்டு விளைந்த கீரையை விடுதியில் நாங்கள்தானே சாப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டோம்.

முதலில் அந்த ஹோஸுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் படித்த பாஸ்கல் விதிதான் அது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஓர் இடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கமும் பரவுகிறது. இதைக் கண்டறிந்த பிளேஸ் பாஸ்கல் 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர், பக்தியுள்ள கத்தோலிக்கர். வரிக் கணக்கு எழுதித் தவித்த தம் தந்தைக்கு உதவக் கூட்டல் இயந்திரம் ஒன்றைச் செய்தவர். அவருடைய தங்கை ஜாக்குலின் 1652-ல் போர் ராயல் மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரீ ஆனார் என்பதை நம் சிஸ்டர்களுக்காக இங்கே குறித்து வைக்கிறோம். பாஸ்கலின் விதியை இயந்திரமாக்கி, 1795-ல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிராமா.

எங்கள் யானைக்குட்டியில் பம்ப் கொடுக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ வரை ஏறும். கார் டயரில் இருப்பது சுமார் 2 கிலோதான். கையைத் தூக்கும் சிலிண்டரின் உள்விட்டம் 4 சென்டிமீட்டர். அதாவது பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 12.5 சதுர சென்டிமீட்டர். 150-ஐ 12.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,875 கிலோ. இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து 3,750 கிலோ. "அப்படியானால் நாலாயிரம் கிலோ தூக்குமா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். தூக்காது. சிலிண்டர் கையைத் தள்ளுவது மூட்டுக்கு அருகில். சுமை இருப்பதோ கையின் நுனியில். நெம்புகோல் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஆகையால் பக்கெட்டில் தூக்குவது சில நூறு கிலோதான். ஆனால் அந்த 150 கிலோ அழுத்தம் முழுவதையும் தாங்குவது கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஹோஸ்.

இந்த ஹோஸ் சாதாரண ரப்பர் குழாய் அன்று. உள்ளே எண்ணெயில் ஊறாத செயற்கை ரப்பர். அதன்மேல் எஃகுக் கம்பியால் பின்னிய வலை. அதற்கும் மேல் வெயிலும் உராய்வும் தாங்கும் கறுப்பு உறை. வலை ஒன்றானால் ஒற்றை வயர், இரண்டானால் இரட்டை வயர். எங்களுடையது உள்விட்டம் எட்டில் மூன்று அங்குலம். இந்த அளவில் ஒற்றை வயர் ஹோஸ் 180 பார் வரையிலும், இரட்டை வயர் 330 பார் வரையிலும் தாங்கும் என்பது ஐரோப்பியத் தர அளவு. ஒரு பார் என்பது ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. வெடிக்கும் அழுத்தமோ இதைப் போல் நான்கு மடங்கு இருக்கவேண்டும் என்பது விதி. இந்தக் கணக்கைப் போட்டதும் எங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. 150 கிலோவுக்கு ஒற்றை வயரே போதும். இரட்டை வயரும் அறுந்தது என்றால் குற்றம் பலத்தில் இல்லை.

லோடருக்கு மொத்தம் நான்கு ஹோஸ்கள். இரண்டு, கைகளைத் தூக்கும் சிலிண்டர்களுக்கு. இரண்டு, பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டர்களுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் எண்ணெய் போகும்போது மற்றதில் திரும்பி வரும். லீவரை மறுபக்கம் தள்ளினால் போக்கு மாறும். நான்கும் டிரைவரின் வலது கை அருகே உள்ள வால்விலிருந்து புறப்பட்டு, டிராக்டரின் பக்கவாட்டில் நிற்கும் இரும்புத் தூணுக்கு வருகின்றன. தூக்கும் ஹோஸ்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. அவற்றின் சிலிண்டர் தூணின் அடியிலேயே இருக்கிறது. பக்கெட் ஹோஸ்கள்தாம் பாவம். தூணில் ஏறி, கை ஆடும் தோள் மூட்டைக் கடந்து, கை நெடுகப் போய்ப் பக்கெட்டின் அருகே முடியவேண்டும். இரண்டு முறையும் அறுந்தது இந்தப் பக்கெட் ஹோஸ்தான்; அறுந்த இடம் தோள் மூட்டுக்கு மேலே கிளாம்ப் பிடித்திருந்த விளிம்பு.

தையல் வகுப்பில் ரவிக்கைக்குக் கை வைக்கும்போது, "கையைத் தூக்கிப் பார், பிறகு தை" என்று டீச்சர் சொல்வார் அல்லவா? கையைத் தொங்கவிட்டு அளவெடுத்துத் தைத்தால், கொடியில் துணி போடக் கையைத் தூக்கும்போது அக்குளில் பிரியும். ஹோஸுக்கும் அதே கதை. எனவே நாங்கள் துணி காயப்போடும் கொடிக்கயிறு ஒன்றும், தையல் டேப்பும் எடுத்துக்கொண்டு போனோம். தூணில் உள்ள கிளாம்புக்கும் கையில் உள்ள கிளாம்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் கயிற்றால் அளந்தோம். இரண்டு கிளாம்பும் மூட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தன. பக்கெட் தரையில் இருக்கும்போது இடைத்தூரம் 34 சென்டிமீட்டர். கை முழுவதும் மேலே போனதும், அடியில் கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஏணி வைத்து டிரைவர் அண்ணனே அளந்து சொன்னார்: 58 சென்டிமீட்டர். தூக்கிய பக்கெட்டுக்குக் கீழே எங்களை நிற்க விடவில்லை. அறுந்துபோன ஹோஸில் கிளாம்பு தழும்புகளுக்கு இடையே அளந்தோம். அதுவும் சரியாக 58.

"அப்படியானால் சரியாகத்தானே இருக்கிறது?" என்று முதலில் நினைத்தோம். பட்டறைக்காரர்களும் கையைத் தூக்கி வைத்துத்தான் அளந்திருக்கிறார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அளந்தபோது ஹோஸில் எண்ணெய் இல்லை. அழுத்தம் ஏறினால் ஹோஸின் நீளம் மாறும். கொஞ்சம் நீளவும் செய்யலாம்; நூற்றுக்கு நான்கு பங்கு வரை சுருங்கவும் செய்யலாம். ஏன் என்று விளங்க, சாத்துக்குடி விற்கும் வலைப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வெறுமையாக இருக்கும்போது நீளமாகத் தொங்கும். பழத்தை நிரப்பினால் வயிறு பெருத்து உயரம் குறையும். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய எஃகு வலையும் அவ்வாறே. 58 சென்டிமீட்டரில் நான்கு பங்கு என்றால் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல். வேண்டிய தூரம் 58. ஹோஸ் சுருங்கி 56 ஆனால்? கிளாம்பின் விளிம்பு அதைக் கத்திபோல் அழுத்தும்.

இதில் எங்களுக்கு இன்னொன்றும் தெரியவந்தது. ஈரச்சாணம் பக்கெட்டில் ஒட்டிக்கொள்ளும். அதை உதிர்க்க டிரைவர் அண்ணன் கையை முழு உயரத்தில் வைத்துக்கொண்டு லீவரை 'டக் டக்' என்று முன்னும் பின்னும் அடிப்பார். பக்கெட் கடைசிவரை சாய்ந்து முட்டி நிற்கும்போதுதான் எண்ணெயின் அழுத்தம் உச்சிக்குப் போகும். ஹோஸ் மிகவும் இழுபடும் நிலையும், மிகவும் சுருங்கும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. ஒரு நாளைக்கு இருபது பக்கெட் என்றாலும் ஆறு வாரத்தில் எத்தனை இழுப்பு!

பரிகாரம் என்ன? நீளமான ஹோஸ் போட்டால் போயிற்று என்று நாங்கள் சொன்னோம். டிரைவர் அண்ணன் சிரித்தார். நீளம் அதிகமானால் கை கீழே இருக்கும்போது அது வெளியே பிதுங்கித் தென்னை மட்டையில் மாட்டிக்கொள்ளும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆகவே கிளாம்புகளை மூட்டுக்குக் கிட்டத்தில் நகர்த்திப் பார்த்தோம். மூட்டிலிருந்து தூரம் பாதியானால் ஆட்டமும் பாதியாகும். 30 சென்டிமீட்டரை 15 ஆக்கினோம். இடைத்தூரம் 17-க்கும் 29-க்கும் இடையேதான் மாறிற்று. முன்பு 24 சென்டிமீட்டர் ஆட்டம், இப்போது 12 மட்டும். வெற்றி என்று கைதட்டினோம். சிஸ்டர் வந்து பார்த்து, "வளைவை அளந்தீர்களா?" என்று கேட்டார்.

அளக்கவில்லை. இந்தப் பருமன் ஹோஸை 13 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்கக்கூடாது. குறைந்தால் வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி வலை இழுபட்டு விரியும், உட்பக்கம் நசுங்கும். கை கீழே இருக்கும்போது எங்கள் புதிய வளைவு 9 சென்டிமீட்டர் ஆரத்தில் சுருண்டுகிடந்தது. கைதட்டியதற்கு வெட்கமாகிவிட்டது. கடைசியில் மூட்டிலிருந்து 24 சென்டிமீட்டரில் கிளாம்புகளை வைத்தோம். இடைத்தூரம் 27-லிருந்து 46 வரை மாறுகிறது. இடையில் ஹோஸ் 49. சுருங்கினாலும் ஒரு சென்டிமீட்டர் மிச்சம். வளைவும் 13-க்குக் கீழே போகவில்லை. மூன்று நாட்கள் மாலையில் ஜெபமாலைக்கு முன்பு கிடைத்த நேரத்தில் செய்த வேலை இது. மொத்த நீளத்தை எழுதிக்கொடுத்து, அதே பட்டறையில் ஹோஸுக்கு இருமுனையும் அடித்து வாங்கிவந்தார் டிரைவர் அண்ணன்.

மாட்டும்போது கவனிக்கவேண்டியது திருகல். ஹோஸின் முதுகில் நீளவாக்கில் எழுத்துகள் அச்சிட்டிருக்கும். விளம்பரம் என்று நினைத்திருந்தோம். அளவும் தரமும் தயாரித்த தேதியும் அதில் இருக்கின்றன. அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்றும் இருக்கிறது. அந்த வரி நேராகப் போனால் ஹோஸ் திருகவில்லை. கொடி சுற்றியதுபோல் சாய்ந்து போனால் திருகிவிட்டது என்று அர்த்தம். ஒரே ஸ்பேனரால் நட்டை முறுக்கினால் ஹோஸும் சேர்ந்து திரும்பும். ஒரு ஸ்பேனரால் ஹோஸின் முனையைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டை முறுக்கவேண்டும். திருகிய ஹோஸ் அழுத்தம் ஏறும்போதெல்லாம் தன்னைத்தானே நேராக்கிக்கொள்ள முயலும். நட்டும் தளரும், வலையும் நையும். நேராகத் திரும்ப இடமில்லாத இடத்தில் ஹோஸை மடக்காமல் எல்போ போட்டுவிடுவது நல்லது.

மற்றவை சுலபம். சைலன்ஸரின் பக்கம் ஹோஸ் போகக்கூடாது. சூட்டில் ரப்பர் காய்ந்து வெடித்துவிடும். முன்சக்கரத்தை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயர் தொடுகிறதா என்று பார்க்கவேண்டும். இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசும் இடத்தில் பிளாஸ்டிக் சுருள் உறை போடலாம். டிரைவர் ஏறி இறங்கும் படியில் குறுக்கே விடக்கூடாது.

ஹோஸ்களை மாற்றி மாட்டிவிடும் ஆபத்தும் உண்டு. லோடரைக் கழற்றி வைக்கும்போது நான்கு கப்ளிங்குகளும் ஒன்றுபோலவே இருக்கும். தூக்கும் ஜோடியை மாற்றி மாட்டினால், இறக்க லீவரை முன்னால் தள்ளும்போது கை மேலே ஏறும். அது மட்டுமல்ல. லீவரை இன்னும் முன்னால் தள்ளினால் 'ஃப்ளோட்' என்ற நிலை இருக்கிறது. அதில் சிலிண்டரின் இரண்டு பக்கமும் எண்ணெய் தடையின்றித் திரும்பிவிடும். மேலே ஏறிக்கொண்டிருந்த கை திடீரென்று விழும்! இதற்கு எங்கள் யோசனை மிகவும் எளியது. விளையாட்டு விழாவில் மிஞ்சிய நான்கு அணிகளின் ரிப்பன்களையும் கப்ளிங்கிலும் வால்விலும் ஜோடி ஜோடியாகக் கட்டிவிட்டோம். தூக்கும் ஹோஸ் நீல அணிக்குப் போனதில் அவர்களுக்கு மிகவும் பெருமை. ரிப்பன் எண்ணெயில் கறுத்துப்போனதால் இப்போது பெயின்ட் அடித்திருக்கிறோம்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் எழுதுகிறோம். தோட்டமும் டிராக்டரும் உள்ள வீடுகளில் பெற்றோர்கள் இதை மட்டுமாவது படிக்க வேண்டுகிறோம். இரண்டாவது ஹோஸ் அறுவதற்கு முந்தைய நாள், அதிலிருந்து பனிபோல் மெல்லிய புகை ஒன்று கிளம்பிற்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கே கசிகிறது என்று பார்க்க டிரைவர் அண்ணன் உள்ளங்கையால் ஹோஸைத் தடவப் போனார். வராந்தாவில் வந்துகொண்டிருந்த அறிவியல் சிஸ்டர், "தொடாதீங்க!" என்று போட்ட சத்தத்தில் ஏழாம் வகுப்பில் பாடமே நின்றுவிட்டது. சிஸ்டர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

ஊசி முனை அளவு துவாரத்திலிருந்து அவ்வளவு அழுத்தத்தில் வெளிவரும் எண்ணெய், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் முள் குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அதிகம் இராது. ஆனால் உள்ளே எண்ணெய் தசைநார்களின் ஓரமாகப் பரவி, சில மணி நேரத்தில் சதையை அழுகச் செய்யத் தொடங்கும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்கவேண்டி வரும். மஞ்சள் வைத்துக் கட்டுவதும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்பதும் பெரிய தவறு. உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "உயர் அழுத்த எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் டாக்டருக்கும் அது வெறும் கீறலாகத் தோன்றக்கூடும்.

கசிவைத் தேட ஓர் அட்டைத்துண்டு போதும். அதை நீளமான குச்சியில் செருகி, கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று ஹோஸின் அருகே காட்டினால் எண்ணெய் அட்டையில் படியும். கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை நான்கு பக்கமும் ஆட்டி உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்றவேண்டும். எஞ்சின் நின்றாலும் ஹோஸில் அழுத்தம் நிற்கும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. எங்கள் டிராக்டரில் கியர் பெட்டியின் எண்ணெயே லோடருக்கும் போகிறது. ஆகையால் ஹோஸ் கசிந்தால் கியருக்கும் எண்ணெய் குறையும்.

புதிய ஹோஸைச் செப்டம்பர் மாதம் மாட்டினோம். இந்த ஆண்டு மலருக்கு எழுதும் இன்றுவரை அது அப்படியே இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களில் இருவர் போய், எஞ்சின் நின்றிருக்கும்போது உறை உரிந்திருக்கிறதா, எழுத்து வரி நேராக இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் குறிக்கிறோம். லீவரை 'டக் டக்' என்று அடிப்பதை டிரைவர் அண்ணன் பாதி குறைத்துக்கொண்டார். முழுவதும் விட்டார் என்று சொன்னால் பொய்யாகும். அறுந்த இரண்டு ஹோஸ்களும் அறிவியல் கூடத்தில் ஜன்னல் ஓரமாகத் தொங்குகின்றன. கம்பி வலை பிய்ந்து நிற்பதையும், எழுத்து வரி ஒன்றரைச் சுற்றுத் திருகியிருப்பதையும் யாரும் போய்ப் பார்க்கலாம். தொட்டால் கை கறுப்பாகும்.